உப்பில்லாமல் ஏறிய கோடு

சால்வை போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்து, "புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்று மைக்கையும் கையில் திணித்துவிட்டீர்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெறுகிற வயதா இது என்று நீங்களே சிரித்தீர்கள். ஆனால் ஆய்வகத்தைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். அடுத்த வாரம் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் சேருகிறேன். கோழிக்கும் எனக்கும் இனிமேல் சாப்பாட்டு உறவு மட்டும்தான்.

அன்றைக்கு மைக்கில் நான் உளறியதை மறந்துவிடுங்கள். பேசினால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று இதை எழுதித் தருகிறேன். எதை எவ்வளவு சேர்ப்பது, எத்தனை நிமிடம் வைப்பது என்பதெல்லாம் பச்சை ஃபைலில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வாரத்தைப் பற்றி.

பழைய மகாபலிபுரம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. நம் கைடு சார் கேளம்பாக்கத்திலிருந்து வரவேண்டும். அந்தத் தூசியையெல்லாம் தாண்டி அவர் வந்து சேர மதியம் ஆகிவிடும். அதுவரை ஆய்வகம் எங்கள் இருவருடையது. எங்கள் என்றால் நானும் ரெஜினா அக்காவும்.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவர். சேலையூரில் அம்மாவோடு வீடு. மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு பாலிமரைச் செய்திருந்தார். பார்க்க ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அதன் கிளைகள் மடங்கும். நீல ஒளியைப் பாய்ச்சினால் திரும்ப நிமிரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மடக்கலாம், நிமிர்த்தலாம். அந்தப் பாலிமரை வைத்துத் தசைப் புரதமான ஆக்டினை ஆட்டி வைக்கவேண்டும் என்பதுதான் திட்டம். ஆக்டின் தனித்தனி மணிகளாக மிதக்கும். கொஞ்சம் உப்பு சேர்த்தால் மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழையாகும். ஒரு ஒளியில் இழை கோக்கவேண்டும், இன்னொரு ஒளியில் பிரியவேண்டும், நடுவில் அக்காவின் பாலிமர் ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யவேண்டும். கேட்கும்போதே கை துறுதுறுக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வந்து ஒட்டிக்கொண்டேன்.

பாலிமர் அக்காவின் பொறுப்பு, புரதம் என் பொறுப்பு. புரதம் என்றால் தாம்பரம் மார்க்கெட்டில் கோழிக்கடை. அறுத்த சூட்டோடு நெஞ்சுக்கறி வேண்டும், தண்ணீர் படக்கூடாது, நேராக ஐஸில் போடவேண்டும். கடைக்காரர் முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், கழுவவும் வேணான்ற, துண்டு போடவும் வேணான்ற. வூட்ல இன்னா கொயம்பு வெக்கிறாங்கோ?"

"சாப்பிட இல்லண்ணா. ஆராய்ச்சிக்கு."

"அப்போ கோழிக்கு இன்னா சீக்குன்னு பாக்கறியா? என் கோழிக்கு ஒண்ணியும் கெடையாது, சொல்லிட்டேன். வேற கடை பாரு."

ஆராய்ச்சியில் அவர் கோழிக்கு எந்தக் கெட்ட பெயரும் வராது என்று சத்தியம் செய்த பிறகுதான் கறி கிடைத்தது.

இழை உருவானதா என்று கண்ணால் பார்க்க முடியாது. புரதத்தின் மேல் ஒரு ஒளிரும் சாயத்தை ஒட்டிவிடுவோம். மணிகள் தனித்தனியாக இருந்தால் மங்கலாக ஒளிரும், இழையாகக் கோத்தால் பளிச்சென்று ஒளிரும். அந்த ஒளிர்வை இயந்திரம் அளந்து திரையில் கோடாக வரையும். கோடு ஏறினால் இழை கூடுகிறது, இறங்கினால் பிரிகிறது. அவ்வளவுதான்.

எங்கள் கோடு ஏறியது. புற ஊதாவைப் பாய்ச்சினால் ஏறியது, நீலத்தைப் பாய்ச்சினால் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. முதல் முறை அதைப் பார்த்த அன்று நான் மாடிப்படியில் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். ஆனாலும் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை, சரிபார்த்தோம். பாலிமர் இல்லாமல் புரதம் மட்டும் வைத்துப் பார்த்தோம், கோடு அசையவில்லை. புரதம் இல்லாமல் பாலிமர் மட்டும் வைத்துப் பார்த்தோம், ஒளிர்வே இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கோடு ஆடுகிறது. வேறென்ன வேண்டும்? சார் என் முதுகில் தட்டினார். அக்காவின் ஆய்வேட்டில் அது நான்காம் அத்தியாயம் ஆனது.

அந்த அத்தியாயத்தின் மேல் அக்காவின் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது. அவருடைய உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. காலையில் பெருங்களத்தூரில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்துவிட்டு, பதினொன்றரைக்கு ஆய்வகத்துக்கு வருவார். ஜூன் மாதம் முதல் ஒரு மகளிர் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: மே மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்கவேண்டும். சமர்ப்பிக்கும் முன் ஆய்வுக் குழுவின் முன்னால் ஒரு கருத்தரங்கு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். அது அந்த வார வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பள்ளியிலிருந்து போன் செய்தார்.

"டேய் சரவணா, அந்தக் கிராஃப்ல மூணாவது ஏத்தம் கொஞ்சம் கோணலா இருக்குல்ல? அந்த வெளியூர் சார் அதையே புடிச்சுட்டுத் தொங்குவார்டா. புதுசா ஒண்ணு எடுத்துக் குடேன்."

"அரை மணி நேரத்துல முடிச்சிடறேன்க்கா."

"அரை மணியெல்லாம் வேணாம். ஒழுங்கா எடு."

பாலிமரைச் சீண்டாத சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு எடுத்தேன். நான்கு ஏற்றம், நான்கு இறக்கம், ஒன்றுக்கொன்று அச்சு அசலாக. இதுவரை எடுத்ததிலேயே அழகான கோடு. விசிலடித்துக்கொண்டே ஐஸ் பெட்டியை ஒழுங்கு செய்யும்போது ஒரு சின்னக் குழாய் கையில் தட்டுப்பட்டது. மூடி திறக்காத குழாய். மேலே என் கையெழுத்தில், உப்பு.

முதலில் சிரித்தேன். உப்பு போடாமல் சமைத்திருக்கிறேன், ருசி மட்டும் எப்படி வந்தது என்று. அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. உப்பு இல்லாவிட்டால் மணிகள் கோத்துக்கொள்ளாது. இழையே கிடையாது. இழையே இல்லாத குழாயில் இழை நான்கு முறை எப்படிக் கூடிப் பிரியும்?

வேண்டுமென்றே உப்பில்லாமல் இன்னொரு முறை ஓட்டினேன். அதே கோடு. அப்போதுதான் திரையின் இடது ஓரத்து எண்களைப் பார்த்தேன், எல்லாம் மிகச் சின்னவை. ஒளிர்வு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அந்தக் கணினி அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பிக் காட்டிவிடும். ஓரத்து எண்களைப் பார்த்தால்தான் மங்கலா பளிச்சா என்று தெரியும். நான் கோட்டைப் பார்த்தேனே தவிர ஓரத்தைப் பார்த்ததே இல்லை.

அக்கா வருவதற்குள் காரணமும் புரிந்துவிட்டது. இயந்திரம் சாயத்தை ஒளிர வைக்க ஒரு ஒளியை அனுப்புகிறது. நிமிர்ந்திருக்கும் பாலிமர் அதே ஒளியைக் குடித்துவிடும், மடங்கியிருந்தால் குடிக்காது. ஒரு வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்று தெருவிலிருந்து எண்ணுகிறீர்கள். உள்ளே எதுவும் மாறவில்லை, ஜன்னல் திரையை யாரோ இழுத்து இழுத்து விடுகிறார்கள். நாங்கள் அந்தத் திரையைத்தான் அளந்துகொண்டிருந்தோம். பாலிமர் மட்டும் இருந்தபோது விளக்கே இல்லை, புரதம் மட்டும் இருந்தபோது திரை இல்லை. அதனால்தான் எங்கள் இரண்டு சரிபார்ப்பும் எங்களை ஏமாற்றின. இழை உண்டாகவே முடியாத இடத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு அக்கா வந்தார். கைப்பையை மேசையில் வைக்கும் முன்பே கேட்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. சூப்பரா வந்திருக்கு."

கோடு வந்தது உண்மைதான். அதனால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பென் டிரைவ்ல போட்டுக் குடு."

"நாளைக்குத் தரேன்க்கா. லேபிள் எல்லாம் சரி பண்ணணும்."

ஏன் சொல்லவில்லை? என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. பழைய கரைசலில் எங்காவது உப்பு ஒட்டியிருக்கலாம். புதிதாகக் கரைத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, உறுதியானபின் சொன்னால் போதும். பாதி தெரிந்ததைச் சொல்லி அவரை ஏன் கலவரப்படுத்தவேண்டும்? காரணங்கள் எல்லாமே பொறுப்பான ஆள் பேசுகிற மாதிரி இருந்தன. எனக்கு உறுதியாகத் தெரியும் என்பதை மட்டும் அவை மறைத்தன.

புதன்கிழமை காலை புதுக் கரைசலில் ஓட்டினேன். அதே கோடு. பதினொன்றரைக்கு அக்கா வந்தார், கையில் ஸ்வீட் டப்பா.

"எடுத்துக்கோ. ஸ்கூல்ல வேலைய விடறேன்னு லெட்டர் குடுத்துட்டேன்டா. இந்த மாசத்தோட முடியுது. பசங்க கார்டு எல்லாம் போட்டுக் குடுத்துட்டாங்க, ஒரே அழுகாச்சி."

மைசூர்பாகு என் வாயில் இருந்தது.

"அக்கா, அந்தக் கோடு தப்பு."

"எந்தக் கோடு?"

"எல்லாக் கோடும்."

மூடிய உப்புக் குழாயையும் இரண்டு கிராஃபையும் காட்டிச் சொன்னேன். திரை, ஜன்னல், விளக்கு, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்போ பாத்தே?"

"இன்னிக்குத்தான்க்கா."

அந்தப் பதில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அக்கா டப்பாவை மூடினார். ஜன்னல் பக்கம் போய் ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"சரி. ஒளிர்வே வேணாம். சுத்திப் பாத்துடலாம்."

சுற்றிப் பார்ப்பது என்றால், குழாயை மிக வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பது. இழை கனமானது, அடியில் போய் உட்காரும். தனி மணிகள் மேலேயே மிதக்கும். எந்த வெளிச்சத்தையும் நம்பவேண்டாம். வியாழக்கிழமை அதைச் செய்தோம். உப்பு போட்டு, பாதிக் குழாய்களை நீலத்திலும் பாதியைப் புற ஊதாவிலும் வைத்துச் சுழற்றினோம். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்த நேரத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, ஒருவேளை கொஞ்சமாவது வித்தியாசம் இருந்தா..."

"ஒருவேளைய உள்ள போட்டுச் சுத்த முடியாதுடா. உக்காரு."

அடியில் உட்கார்ந்த இழையின் அளவு நீலத்திலும் புற ஊதாவிலும் ஒன்றுதான். எங்கள் பாலிமர் புரதத்தைத் தொடக்கூட இல்லை.

சார் வந்ததும் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"ரெஜினா, இப்படிப் பண்ணலாம். ஒளி பட்டா ஒளிர்வு மாறுது. அவ்ளோதான் சொல்லு. அது உண்மைதானே? இழைங்கற வார்த்தையவே எடுத்துடு. சப்மிட் பண்ணிட்டு வேலைல சேரும்மா. அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

"கேட்டா என்ன சார் சொல்றது?"

"கேக்க மாட்டாங்க."

"கேக்கலைன்னா இன்னும் மோசம் சார். நாளைக்கு வேற யாராவது இதைப் படிச்சுட்டு மூணு வருஷம் உக்காருவாங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அக்கா நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோது, இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். "இது உப்பு போட்டது. இது போடாதது. ரெண்டும் ஒண்ணா இருக்கு. அதனால இது இழையோட கோடு இல்லை, எங்க பாலிமரோட நிழல்." கோணலான ஏற்றத்தைப் பிடித்துத் தொங்குவார் என்று நாங்கள் பயந்த அந்த வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ, ஒளியை வெச்சு எதைத்தாம்மா கட்டுப்படுத்தியிருக்கீங்க?"

"இதுவரைக்கும் மெஷினைத்தான் சார்."

முதலில் சிரித்தவர் அந்தப் பேராசிரியர்தான். சிரித்துவிட்டு, அந்த அத்தியாயத்துக்குப் பதிலாக வேறு சோதனைகள் செய்துகொண்டு வரும்படி எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சிரிப்பு ஒரு பக்கம், மே மாதம் ஒரு பக்கம். கல்லூரியில் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பள்ளிக்குப் போய்க் கடிதத்தைத் திரும்பக் கேட்டார். வியாழக்கிழமையே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அக்கா பெருங்களத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தார். அதைப் பற்றி என்னிடம் புலம்பவே இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேறென்ன செய்வது. செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் புதன்கிழமை காலை அந்தக் கடிதம் போயிருக்காது. கல்லூரி போனாலும் பள்ளியாவது இருந்திருக்கும்.

அடுத்த மாதங்களில் ஒழுங்காக வேலை செய்தோம். அக்கா பாலிமரை நீளமாக்கி, புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி மாற்றினார். அது இழைகளைக் கோக்கவில்லை, பிரிக்கவில்லை. ஆனால் கோத்த இழைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டியது. புற ஊதாவில் கட்டு தளர்ந்தது, நீலத்தில் மறுபடி கொஞ்சம் இறுகியது. முதலில் சுழற்றிப் பார்த்தோம். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தோம். ஒளிர்வைக் கடைசியில்தான் பார்த்தோம், அதுவும் பாலிமர் குடிக்காத வேறு நிறத்தில். நாங்கள் கனவு கண்ட ஸ்விட்ச் இல்லை அது. ஆனால் அது இருந்தது. பச்சை ஃபைலின் முதல் பக்கத்தில் 'உப்பில்லாத ஓட்டம்' என்று ஒன்று இருக்கிறதே, அது அப்போது சேர்த்ததுதான். அதைச் செய்யும்போது நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். சலித்துக்கொண்டே செய்யுங்கள்.

ஜனவரியில் ஆய்வேடு முடிந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பைண்டிங் கடையில் ஐந்து பிரதிகளும் அட்டை ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. நானும் அக்காவும் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் மேலும் மறைக்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தத் தப்பை நான் புதன்கிழமை பாக்கல. செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்."

"தெரியும்."

"எப்படிக்கா?"

"மெஷின் ரிஜிஸ்டர்ல நீயே எழுதியிருந்தியேடா. செவ்வாய்க்கிழமை, ரெண்டாவது ஓட்டம், உப்பு இல்லைன்னு. கருத்தரங்குக்கு எல்லாத் தேதியும் எடுக்கப் போனப்ப பாத்தேன்."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கல? என்னால ஒரு நாள் லேட்டாகி, உங்களுக்கு ஸ்கூல் வேலை போச்சு."

"நான் பாத்ததே புதன் சாயங்காலம். நான் லெட்டர் குடுத்ததுக்கு அப்புறம்." டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டினார். "அன்னிக்கு நைட் உன் மேல பயங்கரக் கோவம். அப்புறம் யோசிச்சேன், பயந்துட்டான், பையன், நாளைக்கு வந்து சொல்லிடுவான்னு. வியாழக்கிழமை பாத்தேன். வெள்ளிக்கிழமை பாத்தேன்."

பைண்டிங் கடைக்காரர் காய்ந்துவிட்டதென்று குரல் கொடுத்தார். அக்கா சாலையைக் கடக்கத் திரும்பினார்.

"ஒரு நாள் லேட்டுன்னு நெனச்சிட்டு இருக்கே. எட்டு மாசம்டா."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய், பிரதிகளில் மூன்றை என் கையில் வைத்தார். இரண்டை அவர் தூக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தோம். பஸ் ஏறும் முன், எல்லாப் பிரதியிலும் நூற்றுப் பதினோராம் பக்கத்துப் படம் நேராக ஒட்டியிருக்கிறதா என்று திரும்பப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நான்கில் நேராக இருந்தது. ஒன்றில் தலைகீழாக இருந்தது. அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்காமல் உடனே சொன்னேன்.